பித்தனுக்கு உபயம்

1

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் ஒரு பித்தன் வருகிறான். மணிமேகலையும் சுதமதியும் புகார் வீதியில் நடந்துபோகையில் ஆங்காங்கே கூடி நிற்கும் பலவகைக் கூட்டங்களைச் சாத்தனார் வரிசையாகக் காட்டுகிறார். அவற்றில் ஒன்று இவனைச் சூழ்ந்தது. அலரியும் எருக்கும் மாலையாகப் போட்டுக்கொண்டவன். கந்தலோடு சுள்ளிகளை ஒடித்துக் கட்டி உடையாக்கிக் கொண்டவன். உடம்பெங்கும் சாம்பல். அழுகிறான், விழுகிறான், கும்பிடுகிறான், ஓடுகிறான், கடைசியில் தன் நிழலோடு சண்டைக்கு நிற்கிறான். அவன் பின்னாலேயே போய், அவன் படும் பாட்டைக் கண்டு வருந்தி நிற்கிறவர்களையும் சாத்தனார் சொல்லாமல் விடவில்லை. வருந்தி நிற்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்து வேறொரு கூட்டம் வந்துவிடுகிறது.

இதே காவியத்தில் ஆபுத்திரன், தான் இரந்து பெற்ற சோற்றை உண்ண மதுரையில் யார் யாரை அழைத்தான் என்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், பேணுவாரற்றவர், நோயில் நடுங்குகிறவர். எல்லோரையும்தான் அழைத்தான். நோயாளி என்பதில் பித்தனும் அடக்கம் என்று உரையாசிரியர் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் தனியே பெயர் சொல்லி அவன் அழைக்கப்படவில்லை. பசியை நடுவில் வைத்து அதற்கு அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரத்தையும் படைத்த காவியம், பித்தனுக்கு வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தத்தை மட்டும் தந்துவிட்டு நகர்கிறது. சாத்தனாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நம்முடைய கருணை எங்கே நின்றுவிடுகிறது என்பதை அவர் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பசிக்கு ஒரு பாத்திரம் உண்டு. பித்துக்கு என்ன பாத்திரம்?

இந்தக் கேள்வி எனக்குக் காவியம் படிக்கையில் எழுந்ததல்ல. குரும்பலூர்க் கடைத்தெருவில் ரசீதுப் புத்தகத்தோடு நின்றபோது எழுந்தது. காவியத்தை அதன் பிறகுதான் திரும்பப் புரட்டினேன்.

2

எங்களூரிலிருந்து சற்றுத் தள்ளி மனநோயாளிகளுக்கான சிறிய இல்லம் ஒன்று நடக்கிறது. பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் நடத்துகிறார். இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பஸ் நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கிடந்தவர்கள். இல்லத்தின் கணக்கு எங்கள் வங்கிக் கிளையில் இருப்பதாலும், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நானாக இருந்ததாலும், "வரவு செலவை எழுதிக் கொடுங்க தம்பி" என்று கேட்டார்; எழுதினேன். பிறகு "நாலு பேரைப் பார்த்துக் கேட்டும் கொடுங்க" என்றார். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டேன்.

மனிதர்கள் கஞ்சர்கள் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி இது. ஒரு வருஷம் விலை கிடைக்கும், மறு வருஷம் வெங்காயம் பட்டறையிலேயே அழுகும். அப்படியிருந்தும் கோயில் கும்பாபிஷேகம் என்றால் கேட்காமலே பணம் வருகிறது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது நமக்குச் சாதாரணச் செய்தி; சோற்றுக்குக் கொடுப்பதில் இந்த மொழி பேசுகிறவர்கள் யாருக்கும் இளைத்தவர்களல்ல. மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னை உட்கார வைத்து, காபி வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார்: "அன்னதானம்னா எழுதிக்கங்க தம்பி. கட்டடம்னாலும் எழுதிக்கங்க. இதுக்கு என்னன்னு எழுதுறது?"

கிண்டலாகக் கேட்டதல்ல. அவருடைய நோட்டில் உண்மையாகவே அதற்கு ஒரு தலைப்பு இல்லை. நான், "ராத்திரி டியூட்டி ஆளுக்குச் சம்பளம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு மின்விசிறி வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மின்விசிறி வந்தது. இன்னும் ஆறும் வந்தன. இறக்கைகளில் சிவப்புப் பெயின்ட்டில் 'உபயம்' என்று எழுதி, கொடுத்தவர் பெயரும் அவருடைய தகப்பனார் நினைவும். ஏழில் நான்கை மாட்டுவதற்கு இடமில்லை. கட்டில் வந்தது, கிரைண்டர் வந்தது, தீபாவளிக்கு வேட்டி சேலை வந்தது. பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுகிறவர்கள் ஒரே நாளில் மூன்று பேர் வந்து, அன்று இல்லத்தில் சோறு மீந்தது. அந்த மாதத்தில்தான் இரவுப் பணியாளர் இருவருக்கு மூன்றாவது மாதமாகச் சம்பளம் தர முடியவில்லை. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்.

இதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் பட்டது. உபயம் என்று பெயர் எழுத ஒரு பரப்பு வேண்டும். விசிறியின் இறக்கை ஒரு பரப்பு, டியூப்லைட் ஒரு பரப்பு, சுவர் ஒரு பரப்பு. இரவு இரண்டு மணிக்குத் தூக்கமில்லாமல் சுவரைக் குத்துகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளின் முதுகில் எதையும் எழுத முடியாது.

3

மனநோயின் பொருளாதாரம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சாரத்தை ஒரே வரியில் சொல்லலாம்: இந்த நோயில் செலவு என்பது ஆள் சம்பளம், அதுவும் மாதாமாதம்.

கண் சிகிச்சையோடு ஒப்பிட்டால் விளங்கும். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் வந்து பார்க்கும் ஸ்தாபனம். அதன் முகாம்களை நடத்த ஊர் வணிகர்களும் சேவைச் சங்கங்களும் போட்டிபோட்டு முன்வருவதை நம் ஊர்ப்பக்கமே பார்க்கலாம். கண்புரை அறுவை ஒரு முறை செய்வது. மறுநாள் கட்டை அவிழ்த்தால் கிழவி பேரனின் முகத்தைப் பார்க்கிறாள். கொடுத்தவன் கண்ணெதிரே கொடுத்தது முடிவடைகிறது. மேலும், பணம் கட்டுகிறவரிடம் வாங்கி, கட்ட முடியாதவருக்குச் செய்யும் ஏற்பாடு அங்கே சாத்தியம். மனநோயில் அதுவும் கடினம். நோய் முதலில் விழுங்குவது நோயாளியின் வருமானத்தை; அடுத்து, அவனைக் கவனிக்க வேலையை விட்டு வீட்டிலிருக்கும் தாயின் அல்லது மனைவியின் கூலியை. மருந்துக்குப் பணம் வேண்டிய நேரத்தில்தான் பணம் வரும் வழி அடைபடுகிறது. நான்கு வருஷம் மருந்து கொடுத்தபின், "இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டால், "பரவாயில்லை, தானாகக் குளிக்கிறான்" என்பதுதான் பதில். பேப்பரில் போடும்படியான செய்தியல்ல அது. அந்தத் தாய்க்கு மட்டும் அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

ஆள் சம்பளத்தை மிச்சப்படுத்த ஒரே கருவிதான் உண்டு: சங்கிலி. இப்படிச் சொல்வது கொடூரமாகப் படலாம். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை இல்லம் எரிந்தபோது சங்கிலியோடு கட்டுண்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்களே, அதை வெறும் குரூரம் என்று முடித்துவிட என்னால் முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பேப்பரில் வந்த படத்தை அப்பா மடித்து வைத்துவிட்டார். குடும்பங்கள் தர்காவை நம்பிக் கொண்டுபோனவர்களை, தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் இல்லங்கள் மாதக் காசுக்கு வைத்துக்கொண்டன. அந்தக் காசுக்கு ஆள் போட்டால் கட்டுப்படியாகாது. சங்கிலி போட்டால் ஆகும். சங்கிலி என்பது கொடுக்கப்படாத சம்பளம்.

இது புதிய கணக்குமல்ல. சென்னையில் முதல் பித்தர் விடுதியை 1794-இல் தொடங்கியவர் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன். அது அவருடைய தனியார் முயற்சி. உள்ளே இருப்பவர்களுக்காகக் கம்பெனி பணம் தந்தது. அவர் லாபத்தோடு அதைக் கைமாற்றினார். பிறகு 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் மனநோய் விடுதி வந்தது. அதாவது இந்நாட்டில் நவீன மனநல ஸ்தாபனம் பிறந்ததே, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கிலிருந்துதான். தலைக்கு வரும் பணத்துக்கும் தலைக்கு ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில் அன்று லாபம் இருந்தது. இன்று எங்கள் நர்ஸம்மாவின் இல்லத்தில் அதே வித்தியாசத்தில் கடன் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது சங்கிலி போடலாமா வேண்டாமா என்ற ஒழுக்கப் பிரச்னை. ஒழுக்கம் காசில்லாமல் நடக்காது என்பதை ஒத்துக்கொள்ள நம்முடைய சன்மார்க்கிகளுக்கு ஏனோ கூச்சம்.

4

ஆனால் காசு வராததற்குக் காசு மட்டும் காரணமல்ல.

இதய நோய்க்கோ புற்றுநோய்க்கோ நிதி கேட்டுப் போகிறவனுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அவன் கதவைத் தட்டும் வீட்டில் யாராவது அந்த நோயில் செத்திருப்பார்கள் அல்லது பிழைத்திருப்பார்கள். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பிழைத்தவனே முன்னின்று வசூல் செய்வான். மனநோயில் குணமானவன் செய்யும் முதல் காரியம், தனக்கு அது வந்ததேயில்லை என்று ஆக்குவது. 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்றது அது. இவர்களுக்குக் குடும்பங்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் நான் ஏறி இறங்கிய தெருக்களில் பல வீடுகளில் அந்த நோய் இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட "எங்கள் வீட்டிலும்" என்று வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் மாதம் ஐந்நூறு ரூபாயைக் கவுண்டரில் கட்டுவார். ரசீது வேண்டாம் என்பார். "ரசீதைப் பார்த்தா மருமகள் கேட்பா" என்று ஒரு நாள் சொன்னார்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். என் சித்தப்பாவை நான் சிறுவனாயிருக்கையில் குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் வைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று பாட்டி சொன்னது நினைவிருக்கிறது. ஊரில் யார் கேட்டாலும் "துபாய் போயிருக்கார்" என்று சொல்லச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. துபாய்க்குப் போகிறவர்கள் நிறைந்த பிரதேசமாதலால் அந்தப் பொய் சுலபமாகச் செல்லுபடியாயிற்று. வசூலுக்குப் போன இடத்தில், "உனக்கு இதுல என்ன தம்பி அக்கறை?" என்று கேட்டவர்களிடம் நான் "சும்மா, ஒரு சேவைதான்" என்றேன். மற்றவர்களின் மௌனத்தைப் பற்றி மேலே எழுதிய வாக்கியத்தை இந்தத் தகவலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தன் தெய்வத்தைப் பித்தன் என்று உரிமையோடு அழைத்த மொழி இது. அந்தப் பித்தனுக்கு நிலம் உண்டு, கட்டளை உண்டு, ஆறு கால பூஜைக்கு மானியம் உண்டு. பித்தைத் தத்துவமாக ஏற்றுக்கொள்கிற மனம் அதைப் பக்கத்து வீட்டில் ஏற்பதில்லை. இது இரட்டை வேடம் என்று நான் அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ போகிறவர்கள் அங்கே பெறுவது நம்பிக்கை மட்டுமல்ல. வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு காரணத்தையும் பெறுகிறார்கள். பேய், செய்வினை, சாமி குற்றம் என்றால் குடும்பத்துக்கு இழுக்கில்லை. மூளை என்றால் பெண்ணுக்கு வரன் வராது. கோயில் உண்டியலில் விழும் பணத்தில் மனநோய்க்காக விழும் பணமும் கணிசமாக இருக்கத்தான் வேண்டும். அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

பெருநகரங்களில் நிலைமை ஓரளவு வேறு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த டாக்டர் எம். சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். தெருவில் அலையும் பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் பான்யன் இல்லத்தை ஆரம்பித்தபோது இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். பான்யனுக்கு நிதி திரட்ட மணிரத்னம் 2006-இல் 'நேற்று இன்று நாளை' என்றொரு மேடை நிகழ்ச்சி நடத்தினார். இவர்கள் செய்த காரியம் பெரிது. மறுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நட்சத்திரங்கள் ஏறும் மேடை குரும்பலூருக்கு வராது. பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

பணமும் மேடை இருக்கிற இடத்துக்கே போகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டும் சிமெண்ட் ஆலைகள் உண்டு. குரும்பலூரின் அடியில் அப்படி எதுவும் இல்லை. ஓர் ஊரின் நோயாளிக்குக் கிடைக்கும் உதவி அந்த ஊரின் மண்ணடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்திருப்பது விசித்திரமான நீதி. மேலும் 'தொடர் திட்டம்' என்று அந்த விதிகள் சொல்வதற்கே, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று வருஷம்தான் எல்லை. மூன்று வருஷத்தில் சாலை போடலாம். ஸ்கிஸோஃப்ரீனியாவுக்கு அந்த விதி தெரியாது. வெளிநாட்டுப் பணத்துக்கு 2020 திருத்தச் சட்டம் வேறொரு கதவைச் சாத்தியது: அனுமதி பெற்ற பெரிய ஸ்தாபனம் தான் பெற்றதைச் சிறிய இல்லத்துக்குப் பிரித்துத் தரக்கூடாது. அந்தப் பணம் முதலில் புதுடில்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் வந்திறங்க வேண்டும் என்ற விதியை வாசித்தபோது, நான் வங்கிக்காரனாக மட்டும் வியந்தேன். டில்லிக்கும் நர்ஸம்மாவுக்கும் நடுவே எத்தனை மேஜைகள்!

5

இனி நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டிருந்த சமயம். ஒரு நோட்டீஸ் அடித்து வினியோகித்தால் என்ன என்று யோசனை வந்தது. யோசனை என்னுடையது. இல்லத்துக்கு அப்போது புதிதாக ஒருவர் வந்திருந்தார். போலீஸார் நெடுஞ்சாலையிலிருந்து கொண்டுவந்து விட்டவர். சடை, அழுக்கு, கணுக்காலில் ஏதோ ஒரு கயிறு அறுத்த புண். கண்கள் காமிராவை நேராகப் பார்த்தன, ஆனால் பார்க்கவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்தேன். 'முன்னால்' என்பதை இப்போது அழுத்திச் சொல்கிறேன். இரண்டு நிமிஷம் பொறுக்கும்படி பணியாளரிடம் சொன்னதும் நான்தான். படத்தின் கீழே என் பி.ஏ. இங்கிலீஷ் எல்லாவற்றையும் திரட்டித் தமிழில் நான்கு வாக்கியம் எழுதினேன்.

பணம் வந்தது. அதுவரை வந்ததைப் போல் மும்மடங்கு. விசிறியாக வராமல் பணமாகவே வந்தது. இரண்டு பேருக்கும் பாக்கி தீர்ந்தது. நின்றுபோனவர்கூடத் திரும்பி வந்தார். அந்த மாதம் நான் மிகுந்த திருப்தியோடு இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து, மாத்திரையில் தேறி, ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் கவுண்டருக்கு வந்தார். முடி வெட்டி, சட்டை போட்டு, சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க வந்தவர். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாரத்தோடு நான்காக மடித்த நோட்டீஸ் ஒன்றையும் உள்ளே தள்ளினார். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பெயர்த்து எடுத்திருக்கிறார். ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நான்தானே சார்?"

ஆமாம் என்றேன்.

"இதைப் போட்டதுக்கு நல்லாப் பணம் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க."

ஆமாம் என்றேன்.

கோபமாக எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இப்ப இருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துப் போட்டா வராதா சார்?"

வராது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். சட்டை போட்டு, தலை வாரி, பாஸ்புக் வாங்க நிற்கும் மனிதனின் படத்துக்கு யார் பணம் தருவார்கள்? நாங்கள் அவருக்காகச் செய்ததெல்லாம் அந்தப் படத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவரத்தான். அதைச் செய்யத் தேவைப்பட்ட பணமோ அவர் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தால்தான் வரும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நோட்டீஸ் எந்த வகையில் சேரும் என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு வேறொன்று தெரிந்தால் போதும்: அவருடைய புத்தி அவர் கையில் இல்லாத ஒரு நாளை, அவரைக் கேட்காமல், நான் ஊர்ச் சுவர்களில் நிரந்தரமாக்கினேன். சம்பளப் பாக்கி தீர்ந்தது உண்மை. அதனால் இது சரியாகிவிடாது. இது தவறு என்பதால் அந்தப் பணம் வேண்டாமென்று சொல்லியிருப்பேனா என்றால், அதற்கும் என்னிடம் சுத்தமான பதில் கிடையாது. சுத்தமான பதில் உள்ளவர்கள் இல்லத்தின் சம்பளப் பதிவேட்டை ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும்.

6

கொடை என்பது திரும்பப் பெறும் எதிர்பார்ப்பு இல்லாமல் நடப்பதேயில்லை என்பதை மார்ஸல் மாஸ் 1925-இல் தன் ஆராய்ச்சியில் விரித்துக் காட்டினார். கொடு, வாங்கு, திருப்பு என்ற மூன்றும் சேர்ந்ததே கொடை. வள்ளுவரிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளந்து கடன் வாங்கி அதே அளவில் திருப்புவது. ஏழைக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் இந்த வகை என்று அவர் கறாராகப் பிரிக்கிறார். நம்முடைய தர்மங்களை இந்த அளவில் நிறுத்திப் பார்க்கலாம். அன்னதானத்துக்குப் புண்ணியம் திரும்புகிறது. கண்ணொளிக்கு நன்றி திரும்புகிறது. விசிறிக்குப் பெயர் திரும்புகிறது. மனநோயாளியிடமிருந்து திரும்புவது என்ன? சில சமயம் ஒரு வசை. பல சமயம் ஒன்றுமேயில்லை. குணமானபின் தன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகும் ஒரு முகம். திருப்பித் தர ஏதுமில்லாதவரிடமிருந்து நான் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தவர்களிடம் தந்தேன்: கண்ணீர் விடும் அனுபவத்தை. அதுதான் அந்த நோட்டீஸ். புகார் வீதியில் வருந்தி நின்றவர்களிடமிருந்து டிக்கெட் வசூலித்த காரியம்.

குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவு. இரண்டையும் ஒன்றெனவே பள்ளியில் படித்தோம். ஒன்றல்ல. ஈகையில் கொடுப்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அங்கே முகம் இருக்கிறது, இரக்கம் இருக்கிறது, ஆகவே படமும் இருக்கும். ஒப்புரவுக்கு வள்ளுவர் தரும் உவமைகள் மழை, ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம். ஊருணியில் தண்ணீர் எடுக்கிறவள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. யார் எடுத்தார்கள் என்று ஊருணி கேட்பதுமில்லை. அங்கே கண்ணீருக்கு வேலையில்லை; தூர் வாருவதுதான் வேலை.

மனநோய்க்கு வேண்டியது ஈகையல்ல, ஒப்புரவு என்பதுதான் நான் சொல்ல வந்தது. 2017 சட்டம் அரசுச் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்று எழுதியிருக்கிறது. ஒப்புரவின் நவீன வடிவம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் வந்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அதற்கு முந்தைய வருஷம்தான் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்தது. உரிமையும் இப்படி எல்லைக்கோட்டில் இடறும். ஆகவே அரசு செய்யட்டும் என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவும் முற்போக்கு எனக்கு உவப்பில்லை. கட்டி முடித்து யாரும் எட்டிப் பார்க்காத ஸ்தாபனம் எதுவாயிருந்தாலும், அரசுடையதாயினும், அது மெல்லச் சங்கிலியை நோக்கித்தான் போகும். ஊருணியை வெட்டியது அரசனாகவே இருக்கலாம்; தூர் வாருவது ஊர்தான்.

இதற்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணமானது. வங்கியில் நிலையுத்தரவு என்று ஒரு பாரம் உண்டு. ஒரு முறை கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் குறித்த தேதியில் குறித்த தொகை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தானே போய்விடும். தவணைக்கும் சீட்டுக்கும் பயன்படுத்துகிறோம். நோட்டீஸை நிறுத்திவிட்டு இந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் போனேன். நூறு ரூபாய் போதும். படம் கிடையாது, உபயம் கிடையாது, விழா கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை சம்பளக் கணக்கு மட்டும் காட்டுவோம் என்றேன். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மண்டிப் பெரியவர் அவர்களில் ஒருவர். "தலைப்பு என்ன எழுதட்டும்?" என்று மறுபடி கேட்டார். "சம்பளம்" என்றேன். எழுதிக்கொண்டார். பதினேழு பேரின் பணத்தில் ஓர் இரவுப் பணியாளரின் சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. ஆனால் அது ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் வருகிறது. யாரும் அழாத பணம் அது. ஏர்வாடி எரிந்தபோது வந்த கருணை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அதற்கு ஒரு தீ தேவைப்பட்டது. மாத்திரைக்குத் தேவை ஐந்தாம் தேதி.

கருணையைக் கொச்சைப்படுத்துவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கருணையை நம்பி இன்னொரு மனிதனை வைத்திருப்பது சரியல்ல என்பதே என் கட்சி. அது வந்துபோகிற ஒன்று. அவனுடைய நோயும் வந்துபோகிற ஒன்று. இரண்டும் ஒரே நாளில் வரும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

ரைஸ் மில்காரர் மாதக் கடைசியில் வந்து பணம் போடுகிறார். நோட்டீஸைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை; நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, கவுண்டரில் வரிசை நிற்கிறது. என் சித்தப்பா இப்போது பெரம்பலூரில் இருக்கிறார், தானாகக் குளிக்கிறார். அவரைப் பற்றி முந்நூறு பேர் படிக்கும் இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். குரும்பலூர்க் கடைத்தெருவில் இன்னும் சொல்லவில்லை.